தோலைக் கையால் தைக்க: எதற்குக் காசு, எதற்கு வீட்டுச் சாமான்?

அக்கா மகன் போன தீபாவளி போனஸில் 62 உருப்படி கொண்ட தோல் வேலைப் பெட்டி ஒன்றை ஆன்லைனில் வாங்கினான். பெட்டி வந்த அன்றே ஒரு பர்ஸ் தைத்து எனக்குப் படம் அனுப்பினான். தையல் வரிசை, மழையில் நனைந்த எறும்புச் சாரை மாதிரி அலைந்திருந்தது. இரண்டு நாளில் ஓரம் பிரியத் தொடங்கிவிட்டதாம். "மாமா, காசைப் பார்த்து மலிவா வாங்கிட்டேன், நல்ல டூல்ஸா வாங்கியிருக்கணும்" என்று வருத்தப்பட்டான்.

அவன் சொன்னதில் பாதி சரி. தோல் வேலைக்கு வருகிற எல்லோருமே இந்த இடத்தில்தான் குழம்புகிறார்கள். வெளிநாட்டு பிராண்ட் இல்லாவிட்டால் வேலையே வராது என்பார்கள் சிலர். எல்லாம் ஒன்றுதான், கிடைத்ததை வாங்கு, கைப்பழக்கம்தான் முக்கியம் என்பார்கள் வேறு சிலர். இரண்டுமே பாதி வழியில் நின்றுவிடுகிற பேச்சு. ஒரு கருவி தோலை என்ன செய்கிறது என்று தெரிந்தால், எது தரமாக இருந்தே ஆக வேண்டும், எது சமையலறையில் இருந்து வந்தாலும் பரவாயில்லை என்பது தானாகப் பிரிந்துவிடும். அதற்கு முதலில் தையலைப் பார்க்க வேண்டும். கருவி அப்புறம்.

## அரிசி மூட்டையும் சட்டையும் சேணமும்

அரிசி மூட்டையின் வாய்த் தையலைப் பிரித்திருப்பீர்கள். சரியான நுனி கிடைத்தால் ஒரே இழுப்பில் சர்ரென்று மொத்தமும் வந்துவிடும். தப்பான நுனியைப் பிடித்தால் அரை மணி நேரம் மல்லுக்கட்டிவிட்டுக் கடைசியில் கத்தியைத் தேடுவோம். அது சங்கிலித் தையல். ஒவ்வொரு வளையமும் அடுத்த வளையத்தை நம்பி நிற்கிறது. ஒன்றை விடுவித்தால் எல்லாம் விடுபடும். மூட்டைக்கு அதுதான் வசதி.

சட்டையைத் தைக்கிற மெஷின் வேறு மாதிரி. மேலே ஒரு நூல், கீழே பாபினில் ஒரு நூல். இரண்டும் துணியின் நடுவில் ஒன்றையொன்று கொக்கிபோட்டுப் பிடித்துக்கொள்ளும். மேல் நூல் மேல் பக்கத்திலேயே ஓடும், கீழ் நூல் கீழ்ப் பக்கத்திலேயே ஓடும். மேல் நூல் ஓரிடத்தில் தேய்ந்து அறுந்தால், கீழ் நூலுக்கு அங்கே பிடிமானம் போய்விடும். சட்டையில் இது பெரிய விஷயமில்லை. தினமும் பாக்கெட்டில் உரசுகிற பர்ஸில், தோளில் தொங்கும் பை வாரில், விஷயம்தான்.

கையால் தோல் தைக்கிறவர்கள் போடுவது சேணத் தையல். குதிரைச் சேணம் தைப்பவர்களிடமிருந்து வந்த முறை, பெயரும் அதனால்தான். ஓடுகிற குதிரையில் வார் அறுந்தால் என்ன ஆகும் என்று யோசித்தால், அவர்கள் ஏன் இவ்வளவு மெனக்கெட்டார்கள் என்பது புரியும். இதில் நூல் ஒன்றுதான், ஊசி இரண்டு. நூலின் இரு முனையிலும் ஒவ்வோர் ஊசி. முதல் ஊசி ஒரு துளையில் இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கம் போகும். இரண்டாவது ஊசி அதே துளையில் அந்தப் பக்கமிருந்து இந்தப் பக்கம் வரும். பள்ளியில் கைவேலை வகுப்பில் போட்ட ஓட்டுத் தையல் நினைவிருக்கிறதா? ஒரு தையல் தெரியும், அடுத்தது மறைந்திருக்கும். அதே வழியில் இன்னோர் ஓட்டுத் தையல் எதிர்த்திசையில் வந்து, விட்ட இடைவெளிகளை எல்லாம் நிரப்பினால் அதுதான் சேணத் தையல்.

இதன் பலன்: முன்பக்கம் ஒரு தையல் அறுந்தாலும் அதே இடத்தில் பின்பக்கத் தையல் அப்படியே இருக்கும். அறுந்த முனைகளையும் பக்கத்துத் துளைகள் இறுகப் பிடித்துக்கொள்ளும். தையல் சரசரவென்று பிரியாது.

ஆக, இதுவரை வந்தது இவ்வளவுதான். சேணத் தையலில் ஒவ்வொரு துளைக்குள்ளும் நூல் இரண்டு முறை போகிறது. அந்த நூலை நகரவிடாமல் பிடிப்பது முடிச்சு அல்ல, துளையின் இறுக்கம்.

## அப்படியானால் துளைதான் எல்லாம்

சேலையில் சேஃப்டி பின் குத்தி எடுத்தால் இழைகள் கொஞ்ச நேரத்தில் மூடிக்கொள்ளும். அதே சேலையில் ஊதுபத்தி நெருப்பு பட்ட ஓட்டை ஆயுசுக்கும் மூடாது. முதலாவதில் இழை விலகியது, இரண்டாவதில் இழையே போய்விட்டது.

தோலும் இழைகளால் ஆனதுதான். தேங்காய் நாரை அழுத்தி வைத்தது போல, எல்லாத் திசையிலும் பின்னிக் கிடக்கும் மெல்லிய நார்கள். பெல்ட்டில் ஓட்டை போடும் பஞ்சால் துளையிட்டால் ஒரு வட்டத் துண்டு தோல் வெளியே விழும். அங்கே நூலை நெருக்கிப் பிடிக்க எதுவும் மிச்சமிருக்காது. அதற்குப் பதில் தட்டையான, சாய்ந்த சிறு கீறலாகத் துளையிட்டால் நார்கள் விலகி வழிவிட்டு, நூல் போனபின் திரும்ப வந்து அதை நெருக்கும்.

இந்தக் கீறல்களை வரிசையாக, சம தூரத்தில் போடுவதற்கு ஒரு கருவி உண்டு. முட்கரண்டியின் தலையை வெட்டி, தடித்த இரும்புக் கம்பியின் நுனியில் வைத்தது போல இருக்கும். ஆங்கிலப் பெயர் ஸ்டிச்சிங் சிசல். நாம் தையல் உளி என்று வைத்துக்கொள்வோம். இதன் ஒவ்வொரு முள்ளும் ஒரு பல். ஒரு பல்லின் முனையிலிருந்து அடுத்த பல்லின் முனை வரை உள்ள தூரம் பல் இடைவெளி. கடையில் 3 மி.மீ., 4 மி.மீ. என்று எழுதியிருப்பது இதைத்தான். அதாவது உளியின் மேல் இருக்கும் எண்ணே உங்கள் தையலின் நீளம்.

பல்லின் குறுக்குவெட்டு சாய்சதுரமாக, கொஞ்சம் சாய்ந்து இருக்கும். நல்ல பர்ஸ்களில் தையல்கள் ஒரே பக்கம் சாய்ந்து, மழைச்சாரல் மாதிரி அழகாக விழுந்திருக்குமே, அந்தச் சாய்வு பெரும்பாலும் இந்தத் துளையிலிருந்து வருவது. துளைக்குள் ஒரு நூல் மேல் மூலையிலும் இன்னொன்று கீழ் மூலையிலும் போய் உட்காருகிறது. எந்த ஊசி முதலில், இரண்டாவது ஊசி முதல் நூலுக்கு மேலேயா கீழேயா என்பதை ஒவ்வொரு துளையிலும் ஒரே மாதிரி செய்தால் சாய்வும் ஒரே மாதிரி வரும். நடுவில் மாற்றினால் அந்த ஒரு தையல் மட்டும் நேராக நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

அக்கா மகனின் எறும்புச் சாரைக்குக் காரணம் இப்போது தெரிந்திருக்கும். அவன் கை நடுங்கவில்லை. உளியின் பற்களே ஒன்றுக்கொன்று வரிசையில் இல்லை.

## உளியைப் பார்த்து வாங்குவது எப்படி

காசு போக வேண்டிய முதல் இடம் இது. இங்கே கொஞ்சம் நின்று நிதானமாகப் பார்க்கலாம்.

விறகு பிளக்க ஆப்பு வைப்பார்கள். மெல்லிய ஆப்பு சுலபமாக இறங்கும். தடித்த ஆப்பு மரத்தைப் பிளந்து தள்ளிக்கொண்டு போகும். உளியின் பல்லும் ஆப்புதான். மலிவான உளிகளில் பற்கள் தடியாக இருக்கும், ஏனென்றால் மெல்லிய பல்லை உறுதியாகச் செய்ய நல்ல எஃகு வேண்டும். தடித்த பல் பெரிய துளை போடும். பெரிய துளையில் நூல் ஆடும். இரண்டு நாளில் ஓரம் பிரிந்ததற்கு அது ஒரு காரணம்.

அடுத்து, பற்களின் பக்கங்கள் மெருகேறியிருக்கின்றனவா என்று பாருங்கள். அரத்தின் கோடுகள் பக்கங்களில் அப்படியே தெரிகிற உளி தோலுக்குள் இறங்கும், ஆனால் வெளியே வராது. இழுத்தால் தோலும் சேர்ந்து வரும். நாம் எரிச்சலில் உளியை இப்படியும் அப்படியும் ஆட்டுவோம். ஆட்டினால் துளை அகலும். மெருகும் முலாமும் ஒன்றல்ல என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கண்ணைப் பறிக்கும் பளபளப்புக்கு அடியில் சொரசொரப்பு இருக்கலாம். கறுப்புப் பூச்சு பூசிய உளிகளில் சில, வெளிர் நிறத் தோலில் கறையை விட்டுப் போகும். நகத்தால் பல்லின் பக்கத்தை வருடிப் பாருங்கள். தடுக்கினால் அது மெருகு இல்லை.

மூன்றாவது, பற்கள் வரிசையிலும் சம தூரத்திலும் இருக்கின்றனவா என்பது. இதற்குத் தோலே தேவையில்லை. பழைய கல்யாணப் பத்திரிகையின் அட்டையில் ஒரு கோடு போட்டு, அதன் மேல் நான்கு பல் உளியை அழுத்துங்கள். நான்கு புள்ளிகள் விழும். இப்போது உளியை ஒரு பல் தள்ளி, முதல் மூன்று பற்களைப் புள்ளி 2, 3, 4 ஆகியவற்றில் வையுங்கள். சரியாக உட்கார்ந்தால் இடைவெளி சமம். பிறகு உளியை அரைச்சுற்றுத் திருப்பி, அதே நான்கு புள்ளிகளில் வையுங்கள். புள்ளிகள் கோட்டை விட்டு விலகினால் பற்கள் வளைந்திருக்கின்றன. ஆன்லைனில் வாங்கியிருந்தால் பார்சல் வந்த அன்றே இதைச் செய்துவிடுங்கள். திருப்பி அனுப்பும் காலம் முடிந்தபின் கண்டுபிடித்துப் பயனில்லை.

நான்காவது விஷயம் எஃகு. கொல்லர் பட்டறையில் அரிவாளைப் பழுக்கக் காய்ச்சித் தண்ணீரில் தோய்ப்பதைப் பார்த்திருப்போம். அதில் எஃகு கடினமாகிறது. கடினமான எஃகு முறுக்கு மாதிரி, வளையாது, ஆனால் படக்கென்று உடையும். கடினமில்லாதது அதிரசம் மாதிரி, உடையாது, ஆனால் வளையும், கூர் நிற்காது. அதனால் தோய்த்த பிறகு மறுபடி மிதமாகச் சூடாக்கி இரண்டுக்கும் நடுவே ஒரு பதத்துக்குக் கொண்டுவருவார்கள். இந்தப் பதத்தில்தான் மலிவுப் பொருட்கள் பெரும்பாலும் கோட்டைவிடுகின்றன. பார்த்தாலே தெரிகிற விஷயம் இல்லை இது. பத்து வரிசை குத்திய பிறகு பல்லின் முனை மழுங்கி மடங்கியிருந்தால் மென்மை அதிகம், நுனி நொறுங்கியிருந்தால் கடினம் அதிகம். துருப்பிடிக்காத எஃகு என்று பெட்டியில் அச்சிட்டிருப்பதற்கும் இந்தப் பதத்துக்கும் சம்பந்தமில்லை.

எத்தனை உளி? இரண்டு போதும். நான்கு பல் ஒன்று, நேர்கோட்டுக்கு. இரண்டு பல் ஒன்று, வளைவுக்கும் மூலைக்கும். இரண்டும் ஒரே தயாரிப்பாளரின் ஒரே வகையாக இருக்கட்டும். ஒன்றை இங்கும் ஒன்றை அங்கும் வாங்கினால் இரண்டிலும் 4 மி.மீ. என்று எழுதியிருந்தாலும் துளையின் அளவும் சாய்வும் மாறும். இடைவெளி 4 மி.மீ. என்பது என் சிபாரிசு. 3 மி.மீ. தையல் பார்க்க நுணுக்கமாக இருக்கும், ஆனால் செய்கிற தவறுகளும் நுணுக்கமாகத் தெரியும்.

கையில் இருப்பது சுமாரான உளிதான் என்றால் தூக்கிப் போட வேண்டாம். 1000 எண் உப்புத்தாளை மடித்து ஒவ்வொரு பல்லின் இடுக்கிலும் மேலும் கீழும் இழுத்துத் தேயுங்கள். ஒரு மணி நேர வேலை, பாதிச் சொரசொரப்பு போய்விடும். குத்துவதற்கு முன் பற்களைத் தேன்மெழுகில் ஒருமுறை இறக்கி எடுத்தால் இன்னும் வழுக்கும். ஆனால் பல் இடைவெளியே தப்பாக இருந்தால் எந்த உப்புத்தாளும் உதவாது.

சுருக்கமாக: மெல்லிய பல், மெருகேறிய பக்கம், சமமான இடைவெளி, நடுத்தரமான பதம். பிராண்ட் பெயர் இந்த நான்குக்கும் ஓர் உத்தரவாதம், அவ்வளவே.

## வெட்டுவதற்கு இருநூறு ரூபாய்க் கட்டர்

காசு போக வேண்டிய இரண்டாவது இடம் கத்தி என்று சொல்ல வந்தேன். உண்மையில் காசு போக வேண்டியது கத்திக்கு அல்ல, கூருக்கு.

பிளேடை ஒடித்து ஒடித்துப் பயன்படுத்தும் கட்டர் எல்லோர் வீட்டிலும் இருக்கும். அதைக் கண்டுபிடித்தவர் ஜப்பானில் அச்சகத்தில் வேலை பார்த்த யோஷியோ ஒகாடா, வருடம் 1956. ஓல்ஃபா நிறுவனத்தின் தொடக்கம் அது. அந்தக் காலத்தில் செருப்பு வேலை செய்பவர்கள் உடைந்த கண்ணாடித் துண்டால் அடித்தோலைச் சீவுவார்களாம். மழுங்கினால் கண்ணாடியை மறுபடி உடைத்துப் புது விளிம்பை எடுத்துக்கொள்வார்கள். அதையும், அமெரிக்கச் சிப்பாய்கள் கொடுத்த, கோடு கோடாக ஒடிக்கும் சாக்லேட்டையும் சேர்த்து யோசித்து அவர் செய்ததுதான் இந்தக் கட்டர் என்கிறார்கள். ஆக அதன் பூர்வீகத்திலேயே தோல் வேலை இருக்கிறது. நாம் அதைத் தோலுக்குப் பயன்படுத்துவதில் கூச்சப்பட ஒன்றுமில்லை.

வாங்கும்போது 18 மி.மீ. அகல பிளேடு உள்ளதாக வாங்குங்கள். 9 மி.மீ. பிளேடு மெல்லியது. தடித்த தோலில் அழுத்தினால் வளைந்து, வெட்டுமுகம் செங்குத்தாக இல்லாமல் சாய்ந்துவிடும். இரண்டு துண்டையும் ஒட்டிய பிறகு அந்தச் சாய்வுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் முறைத்துக்கொண்டு நிற்கும். பிளேடு வழுக்காமல் பூட்டிக்கொள்ளும் திருகு இருந்தால் நல்லது. ஒரு புதுப் பொருளை வெட்டத் தொடங்கும் முன் ஒரு துண்டை ஒடித்துவிடுங்கள். இதில் கஞ்சத்தனம் வேண்டாம். மழுங்கிய கத்திக்கு அழுத்தம் அதிகம் தேவை, அழுத்தம் அதிகமானால் கத்தி எங்கே போகும் என்று நம் கையில் இல்லை. விரல் பத்திரம்.

கூடவே 30 செ.மீ. இரும்பு ஸ்கேல். பிளாஸ்டிக் ஸ்கேல் வைத்து வெட்டினால் தோலோடு ஸ்கேலையும் சீவிவிடுவோம். ஸ்கேலின் அடியில் உப்புத்தாள் ஒரு பட்டை ஒட்டினால் தோலின் மேல் நகராது.

பிறை வடிவக் கத்தி, தோலைச் சீவி மெலிதாக்கும் கத்தி எல்லாம் படங்களில் பார்க்க ஆசையாக இருக்கும். அவற்றைத் தீட்டத் தெரியாத வரை அவை காட்சிப் பொருள்தான். தெரு முனையில் குடைக்கடியில் உட்கார்ந்து செருப்புத் தைப்பவரைக் கவனித்துப் பாருங்கள். ஒரு கத்தி, ஒரு கொக்கி போட்ட குத்தூசி, ஓர் இரும்புக் கால், ஒரு கல். வேலைக்கு நடுவில் கை தானாக அந்தக் கல்லுக்குப் போய்வரும். அவருடைய கத்தி எந்த பிராண்டும் இல்லை, ஆனால் நம் வீட்டுக் கத்திகள் எல்லாவற்றையும் விடக் கூர்மை.

## ஊசியும் நூலும்: மொட்டை ஊசி ஏன்?

கேட்டால் வேடிக்கையாக இருக்கும், தோல் தைக்கும் ஊசிக்குக் கூர் கூடாது. துளையைத்தான் உளி ஏற்கெனவே போட்டுவிட்டதே. ஊசியின் வேலை நூலை அந்த வழியாகக் கூட்டிப்போவது மட்டும். ஒரு துளையில் ஏற்கெனவே ஒரு நூல் போயிருக்கும்போது கூரான ஊசி உள்ளே நுழைந்தால் அந்த நூலைக் குத்திக்கொண்டு போகும். அப்புறம் எப்படி இழுத்தாலும் தையல் இறுகாது. அதனால் முனை மழுங்கிய ஊசி கேட்டு வாங்குங்கள். இங்கிலாந்தின் ஜான் ஜேம்ஸ் ஊசிகளைப் பலரும் சொல்வார்கள். எண் 4 மெல்லிய நூலுக்குப் பொருந்தும், எண் 2 அதைவிடத் தடிமன். கிடைக்கவில்லை என்றால் உறுதியான சாதாரண ஊசியின் நுனியைத் தீட்டுக்கல்லில் நாலு தேய் தேய்த்து மழுக்கிக்கொள்ளலாம். எம்பிராய்டரிக்கு வரும் மொட்டை ஊசிகளில் காது ரொம்ப அகலம், சின்னத் துளையில் சிக்கும்.

நூலுக்கு மெழுகிட்ட பாலியஸ்டர். 4 மி.மீ. இடைவெளிக்கு 0.8 மி.மீ. தடிமன் பொருத்தமாக இருக்கும், கொஞ்சம் மெலிதாக வேண்டுமென்றால் 0.6. பெட்டியோடு இலவசமாக வரும் நூல்கள் பெரும்பாலும் இதைவிடத் தடிமனாக இருக்கும். தடித்த நூல் ஆரம்பத்தில் பலமாகத் தோன்றும், ஆனால் துளைக்குள் நெருக்கிக்கொண்டு, தையல் மேலே முண்டு முண்டாக நிற்கும். தையல்காரர் வைத்திருக்கும் பருத்தி நூல் வேண்டாம். மீன்பிடி நரம்பும் வேண்டாம், அது தோலை அறுக்கும்.

எவ்வளவு நீளம்? தையல் கோட்டின் நீளத்தைப் போல நான்கு மடங்கு, கூட ஒரு சாண். 20 செ.மீ. தையலுக்கு 80 செ.மீ., ஒரு சாண் சேர்த்துச் சுமார் ஒரு மீட்டர். நடுவில் நூல் தீர்ந்துபோவது மாதிரி ஓர் எரிச்சல் கிடையாது.

## வீட்டிலேயே இருப்பவை

ஓரத்திலிருந்து 3 மி.மீ. தள்ளி ஒரு கோடு போட்டு, அதன் மேல்தான் உளியை வைக்க வேண்டும். இந்தக் கோடு போட விற்கும் கருவிக்கு ஐந்நூறு ரூபாய் வரை கேட்பார்கள். பரணில் கிடக்கும் பள்ளிக்கூட ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து டிவைடரை எடுங்கள். 3 மி.மீ. விரித்து, ஒரு காலைத் தோலின் ஓரத்தில் உரசியபடி இழுத்தால் மற்ற கால் மெல்லிய கோடு போடும். நுனிகளை உப்புத்தாளில் லேசாக மழுக்குங்கள், இல்லையென்றால் கீறிவிடும்.

உளியை அடிக்க இரும்புச் சுத்தியல் ஆகாது, உளியின் தலை பூப்போல விரிந்துவிடும். தச்சர் வைத்திருக்கும் மரச் சுத்தியலான கொட்டாப்புளி போதும், சின்னதாக ஒன்று. அடியில் சமையலறை பிளாஸ்டிக் வெட்டுப் பலகை, அதற்கும் அடியில் கனமாக ஏதாவது. சமையல் மேடைக்குக் கல் அறுக்கும் கடைகளில் கிரானைட் மிச்சத் துண்டு கிடைக்கும். அம்மிக்கல்லும் ஆகும், வீட்டில் கேட்டுக்கொண்டு. கனம் எதற்கு என்றால், மேஜை அதிர்ந்தால் அடியின் பாதி பலம் மேஜைக்குப் போய்விடும், உளி இறங்காது. பலகை இல்லாமல் நேராகக் கல்லின் மேல் மட்டும் குத்திவிடாதீர்கள். பற்கள் போய்விடும். கட்டரால் வெட்டும்போது அடியில் போடும் பச்சை விரிப்பின் (வெட்டும் மேட்) மேலும் குத்தாதீர்கள், அது கட்டர் கோட்டைத் தாங்கும், உளியைத் தாங்காது.

தைக்கும்போது தோலைப் பிடிக்க ஆள் வேண்டும், ஏனென்றால் இரண்டு கையிலும் ஊசி. இரண்டு பிளைவுட் துண்டு, நடுவில் ஒரு போல்ட்டு நட்டு, வாய்ப்பகுதியில் துண்டுத் தோல் ஒட்டி, தொடைகளுக்கு இடையில் இடுக்கிக்கொண்டால் அதுவே கிடுக்கி. ஒட்டுவதற்குச் செருப்புக் கடைகளில் வைத்திருக்கும் சொல்யூஷன். இரு பக்கமும் மெலிதாகப் பூசி, விரலில் ஒட்டாத அளவு காய்ந்ததும் அழுத்த வேண்டும். ஓரத்தை வழவழப்பாக்க 400 உப்புத்தாள், பிறகு தண்ணீர் தொட்டுப் பழைய ஜீன்ஸ் துணியால் சூடேறும்வரை தேய்த்தல். இதற்கு விற்கும் மரக் கருவிகள் அழகானவை, அவசரமில்லை.

## தோல் சரியில்லாவிட்டால் உளியைத் திட்டிப் பயனில்லை

கடைசியாக ஒரு விஷயம், அக்கா மகனின் கதையில் பாதிப் பழி இதற்குத்தான். அவனிடம் இருந்தது ஜாக்கெட் தைக்கிற மெதுமெதுப்பான தோல். அதில் எவ்வளவு நல்ல உளி வைத்தாலும் கோடு இழுபடும், ஓரம் மெருகேறாது.

பச்சைத் தோல் அழுகாமல் இருக்கச் செய்யும் வேலைக்குப் பதனிடுதல் என்று பெயர். இன்று உலகில் பெரும்பாலான தோல் குரோமிய உப்பால் பதனிடப்படுகிறது. வேகமான முறை, தோல் மென்மையாக வரும். சென்னையின் குரோம்பேட்டைக்கு அந்தப் பெயர் வந்ததே 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வந்த குரோம் லெதர் கம்பெனியால்தான். இன்னொரு முறை மரப்பட்டை, காய் முதலியவற்றின் துவர்ப்பால் பதனிடுவது. நாள் அதிகமாகும், தோல் விறைப்பாக இருக்கும், கோடு போட்டால் நிற்கும், துளை தெளிவாக விழும், ஓரம் தண்ணீர் தொட்டுத் தேய்த்தால் கண்ணாடியாகும். கற்றுக்கொள்கிறவருக்கு இதுதான் வேண்டும்.

இதற்கு நாம் எங்கேயும் போகத் தேவையில்லை. பொங்கலுக்குக் காப்புக் கட்டும் அதே ஆவாரஞ்செடியின் பட்டையை வைத்துத் தமிழ்நாட்டில் நெடுங்காலம் தோல் பதனிட்டார்கள், கடுக்காயும் சேர்த்து. ஈ.ஐ. தோல் என்று வியாபாரத்தில் சொல்வது அதைத்தான், கிழக்கிந்தியத் தோல் என்பதன் சுருக்கம். புவிசார் குறியீடும் வாங்கியிருக்கிறது. திருச்சி, திண்டுக்கல், ஈரோடு எல்லாம் அதற்குப் பேர்போன ஊர்கள். பின்னாளில் ஆவாரம்பட்டையின் இடத்தை வாட்டில் மரப்பட்டை பெருமளவு எடுத்துக்கொண்டது. சென்னைப் பெரியமேட்டுத் தோல் கடைகளில் கேட்கும்போது வெஜிடபிள் டேன் என்று கேளுங்கள், புரியும். முழுத் தோல் வேண்டாம், துண்டுகளாகக் கேளுங்கள். தடிமன் 1.2 முதல் 1.6 மி.மீ. வரை இருந்தால் சீவி மெலிதாக்கும் வேலை மிச்சம்.

கடைக்காரர் சொல்வதை நம்பலாமா என்றால், வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவில் நீலச்சாம்பல் தெரிந்தால் குரோம். உள்ளே வரை பழுப்பாக இருந்தால் பெரும்பாலும் பட்டைத் தோல். மேலே பூச்சு இல்லாத பட்டைத் தோலில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் உறிஞ்சிக் கறுக்கும், அந்த ஈரத்தில் நகத்தால் அழுத்தினால் தடம் நிற்கும்.

## மூவாயிரம் ரூபாய் இருந்தால்

விலை கடைக்குக் கடை மாறும், அதனால் பங்கு மட்டும் சொல்கிறேன். தோலை விட்டுவிட்டு, கருவிக்கு என்று 3000 ரூபாய் இருந்தால் பாதியை இரண்டு உளிகளுக்குக் கொடுங்கள். ஊசிக்கும் நூலுக்கும் ஐந்நூறு அறுநூறு. கட்டர், கூடுதல் பிளேடு, இரும்பு ஸ்கேல், வெட்டும் மேட் எல்லாம் சேர்ந்து அதே அளவு. மிச்சத்தில் கொட்டாப்புளி, சொல்யூஷன், உப்புத்தாள், ஒரு கட்டித் தேன்மெழுகு. கையில் கொஞ்சம் மிஞ்சினால் அதையும் உளியில் போடுங்கள், புதுக் கருவியில் அல்ல.

62 உருப்படிப் பெட்டியின் கணக்கு வேறு. அதில் ஊசி ஒவ்வொன்றும் ஓர் உருப்படி, நூல் உருண்டை ஒவ்வொன்றும் ஓர் உருப்படி, ரப்பர் விரலுறைகள் ஐந்து உருப்படி. எண்ணிக்கை ஏற ஏற, உளிக்கு ஒதுக்கிய காசு இறங்கும்.

அடுத்து எதை வாங்குவது என்ற கேள்வி இரண்டு மூன்று மாதத்தில் தானாக வரும். ஒட்டிய தோலின் மொத்தத் தடிமன் 3 மி.மீ.யைத் தாண்டும்போது உளி பின்பக்கம் கோணலாக வெளிவரத் தொடங்கும். அப்போது சாய்சதுர முனையுள்ள குத்தூசி ஒன்று வாங்கலாம். உளியால் அடையாளம் மட்டும் போட்டு, ஒவ்வொரு துளையையும் குத்தூசியால் முடிப்பது பழைய முறை. அதற்கு முன் வாங்கினால் அது டப்பாவில் தூங்கும். குத்தூசியைக் கூராக வைத்திருக்க, சவரக்கத்தியை நாவிதர் தோல் வாரில் தீட்டுவாரே, அதே மாதிரி ஒரு துண்டுத் தோலை மரக்கட்டையில் ஒட்டி வைத்துக்கொண்டால் போதும்.

அக்கா மகன் போன மாதம் இரண்டு உளியும் ஒரு கிலோ துண்டுத் தோலும் வாங்கினான். முதல் வாரம் எதையும் தைக்காமல் வெறும் துளை மட்டும் போடச் சொன்னேன், வரிசை வரிசையாக. முணுமுணுத்துக்கொண்டே செய்தான். இப்போது ஒரு கார்டு கவர் தைத்திருக்கிறான், மூலை ஒன்றில் மட்டும் ஒரு தையல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கிறது. பெட்டியோடு வந்த பழைய உளியை என்னிடமே கொடுத்துவிட்டான். பெயிண்ட் டப்பா மூடி திறக்க அருமையாக இருக்கிறது.